வயிற்றில் குழந்தை, வெளியே பனி, லாயத்தில் குதிரை: ஒன்டாரியோக் குளிர்காலத்துக்கு ஒரு வழிகாட்டி

தெற்கு ஒன்டாரியோவில் குதிரை வைத்திருக்கும் ஒருவருக்கு ஆகஸ்ட்டில் கர்ப்பம் உறுதியானால், பனி விழத் தொடங்கும்போது ஐந்தாம் மாதம், ஏப்ரலில் பிரசவம். அதாவது வயிறு பெரிதாகும் மாதங்களும், தரை வழுக்கும் மாதங்களும், குதிரை மிகவும் துள்ளும் மாதங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. இந்தக் கட்டுரை அப்படிப்பட்டவர்களுக்காக. குதிரை உலகத்துக்குப் புதியவர்கள், முதல் குதிரையை வாங்கி ஓரிரண்டு வருடம் ஆனவர்கள், வாரத்துக்குச் சில நாள் ஒரு குதிரையைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிர்காலத்தில் குதிரையின் மூச்சுத்திறனையும் வேகத்தையும் தக்கவைக்கப் பாடுபட வேண்டாம். அவை வசந்தத்தில் சில வாரங்களில் திரும்பி வந்துவிடும். கையில் பிடித்து நடத்தும்போது மரியாதையாக நடப்பது, சொன்னதும் நிற்பது, தொட்டதும் விலகுவது போன்ற பழக்கங்கள்தான் கெட்டுப்போனால் சரிசெய்யக் கடினமானவை. அவற்றைத் தரையில் நின்றே காப்பாற்றலாம், வளர்க்கவும் செய்யலாம்.

ஏறுவதா, வேண்டாமா

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கர்ப்பகால உடற்பயிற்சி பற்றி 2019இல் வந்த கனேடிய மருத்துவ வழிகாட்டுதல், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது. ஆனால் விழும் ஆபத்துள்ள விளையாட்டுகளைத் தவிர்க்கச் சொல்கிறது. குதிரையேற்றம், மலைச்சரிவுப் பனிச்சறுக்கு, ஐஸ் ஹாக்கி எல்லாம் அந்த வகைதான். ஏறத்தாழ 12 வாரம் வரை கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கும். அதற்குப் பிறகு மேலே எழும்பி வெளிப்படும். அந்தக் கட்டத்தில் வயிற்றில் பலமாக அடிபட்டால் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியும் ஆபத்து உண்டு.

நெதர்லாந்தின் ஆன்கி வான் குருன்ஸ்வென் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஏறத்தாழ ஐந்து மாதக் கர்ப்பத்தோடு ட்ரெஸாஜ் (குதிரையைக் கட்டுப்பாடாக நடத்திக் காட்டும் போட்டி) தங்கம் வென்றார். பண்ணையில் யாராவது ஒருவர் இந்தக் கதையை உங்களிடம் கட்டாயம் சொல்வார். அவர் உலகின் முதல்தர வீராங்கனை, ஏறியது அவருக்கு நன்கு பழகிய குதிரை, மாதம் ஆகஸ்ட். ஜனவரியில், ஐந்து நாள் லாயத்தில் அடைபட்டுக் கிடந்த குதிரைமேல் ஏறும் நமக்கு அது முன்னுதாரணம் ஆகாது.

குளிர்காலம் ஆபத்தைக் கூட்டுவதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. குதிரை வெளியே ஓடித் திரியும் நேரம் குறைகிறது, அதனால் சக்தி தேங்கி நிற்கிறது. வெளித்தரை உறைந்து சிமெந்து போல ஆகிவிடுகிறது. உள்ளரங்கின் தகரக் கூரையில் சேர்ந்த பனி வெயில் பட்டதும் இடி மாதிரி முழங்கிக்கொண்டு சரியும். அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு சாதுவான குதிரையும் ஒரு பக்கமாகப் பாயும். பனி தொடங்கும் நாளோடு ஏறுவதை நிறுத்திவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றி உங்கள் டாக்டரோ மிட்வைஃபோ சொல்வதைக் கேளுங்கள். கேட்கும்போது ‘குதிரை ஓட்டலாமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். குதிரையை நடத்துவது, சாணம் அள்ளுவது, வாளி தூக்குவது என்று நீங்கள் உண்மையில் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். குதிரைப் பண்ணைக்குள் என்ன நடக்கிறது என்பது பல டாக்டர்களுக்குத் தெரியாது. கூடவே உங்கள் ரத்தவகை ஆர்ஹெச் நெகட்டிவா என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

பண்ணைக்காரரிடம் சீக்கிரம் சொல்லுங்கள்

நம்மவர்களுக்கு மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லாத வழக்கம் உண்டு. சரி, மாமியார் வீட்டுச் சொந்தங்களுக்குச் சொல்ல வேண்டாம். பண்ணைக்காரருக்கும் கோச்சுக்கும் மட்டும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வழக்கம்போல அடங்காத இளங்குதிரையை உங்கள் கையில் கொடுத்து ‘கொஞ்சம் பிடியுங்கள்’ என்பார்கள்.

பேசும்போது மூன்று விஷயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, பாரமான வேலைகளை யார் செய்வது. இருபது லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் என்றால் 20 கிலோ. சிறிய உலர்புல் கட்டு ஒன்று 18 முதல் 27 கிலோ வரை இருக்கும். பண்ணையாட்களே உணவும் தண்ணீரும் கொடுத்து லாயத்தையும் சுத்தம் செய்யும் முழுப் பராமரிப்புக்கு அந்த ஆறு மாதமாவது மாறிக்கொள்ள முடிந்தால் மாறிக்கொள்ளுங்கள். செலவு கூடும். ஏறும் வகுப்புகளுக்குக் கொடுக்கும் கட்டணம் மிச்சமாவதை அதில் ஈடுகட்டலாம்.

இரண்டாவது, குதிரைமேல் யார் ஏறுவது. கோச் வாரம் இரண்டு முறை ஏறிப் பயிற்சி கொடுப்பது ஒரு வழி. பண்ணையில் ஏற்கனவே நன்றாக ஓட்டும் ஒருவருக்குப் பகுதிக் குத்தகைக்குக் கொடுப்பது இன்னொரு வழி. அதில் செலவிலும் பங்கு கிடைக்கும். யாருமே ஏறாமல் விடுவதும் ஒரு வழிதான். தினமும் பல மணி நேரம் திறந்தவெளியில் உலவ முடிந்தால், ஒரு குளிர்காலம் ஏறாமல் விட்டதால் நல்ல குதிரை எதுவும் பாழாகிவிடாது. இளங்குதிரையாகவோ சற்று முரண்டு பிடிக்கும் குதிரையாகவோ இருந்தால் கோச்சிடம் கொடுங்கள். குத்தகைக்குக் கொடுத்தால் எத்தனை நாள், தாண்டப் பழக்கலாமா, காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். நண்பர்தானே என்று விடாதீர்கள்.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் பிரசவ அறையில் இருக்கும்போது குதிரைக்குக் கோலிக் (உயிரையே பறிக்கக்கூடிய வயிற்றுவலி) வந்தால் யார் முடிவெடுப்பது? எவ்வளவு பணம் வரை செலவு செய்யலாம், குவெல்ஃப் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பலாமா, அறுவை சிகிச்சைக்குச் சம்மதமா, இவற்றுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதிக் கையெழுத்திட்டு, பண்ணைக்காரரிடமும் கால்நடை வைத்தியரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் முடிவெடுக்கும் ஆளின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும்.

லாயத்தில் தொடக்கூடாதவை

உதைதான் பெரிய ஆபத்து என்று நினைப்போம். அலமாரியில் இருக்கும் சில போத்தல்களும் அதே அளவு ஆபத்தானவை.

பெண்குதிரைகளின் பருவச் சுழற்சியைக் கட்டுப்படுத்த ஆல்ட்ரெனோஜெஸ்ட் என்ற மருந்து கொடுப்பார்கள். ரெகுமேட் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். அது எண்ணெய் போன்ற திரவம், தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகள் கையாளக் கூடாது என்று அதன் உறையிலேயே எழுதியிருக்கிறது. இனப்பெருக்கப் பண்ணைகளில் பயன்படும் லூட்டலைஸ் போன்ற புரோஸ்டாகிளாண்டின் ஊசிமருந்துகள் இன்னும் மோசம். தோலில் பட்டாலே கருச்சிதைவை உண்டாக்கக்கூடியவை. கையுறை போட்டுக்கொண்டு கொடுக்கலாமே என்று யோசிக்காதீர்கள். அந்த வேலையே உங்களுடையதல்ல. பக்கத்துக் குதிரைக்கு அந்த மருந்து கலந்து கொடுத்த தீவனப் பாத்திரத்தையும் நீங்கள் கழுவ வேண்டாம்.

லாயப் பூனைகள் உலர்புல் அடுக்கிலும் உள்ளரங்கு மணலிலும் மலம் கழிக்கும். அதிலிருந்து கருவைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி தொற்றலாம். கையுறை அணியுங்கள், சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், லாயத்தில் நின்றபடியே சாண்ட்விச் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள். பண்ணையில் ஆடுகளும் இருந்தால் குளிர்காலக் கடைசியில் அவை குட்டி போடும். அந்தக் கொட்டகைப் பக்கமே போகாதீர்கள். குட்டி போட்ட ஆடுகளின் கழிவிலிருந்து வரும் சில கிருமிகள் கருவைப் பாதிக்கும். குட்டியைத் தூக்கிக் கொஞ்சும் ஆசை இருந்தால் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உலர்புல் தூசியும் பூஞ்சையும் கதவு சாத்திய குளிர்கால லாயத்தில் அப்படியே தங்கும். கூட்டும்போதும், மேல்மாடத்திலிருந்து கட்டுகளைத் தள்ளும்போதும் நீங்கள் வெளியே இருங்கள். சேண அறையில் எரிவாயு ஹீட்டர் ஓடினால் அங்கே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உடுப்பும் தரையும் நேரமும்

ஹெல்மெட்டைத் தரையில் வேலை செய்யும்போதும் போடுங்கள். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டைகள் ஐஸில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் லாயத்தின் சிமெந்துத் தரையில் அதே ஆணி வழுக்கும், ஆகவே உள்ளே நுழையும்போது கழற்றிவிடுங்கள். நின்று குனிந்து கழற்ற முடியாத மாதம் வரும். கதவருகே ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள்.

கர்ப்பத்தில் மூட்டிணைப்புகள் தளரும், உடம்பின் சமநிலைப் புள்ளி முன்னால் நகரும். போன வருடம் சமாளித்த வழுக்கலை இந்த வருடம் சமாளிக்க முடியாமல் போகலாம். பேடக் (குதிரை உலவும் வேலியிட்ட வெளி) வாசலும் தண்ணீர்த் தொட்டியின் சுற்றுப்புறமும்தான் எப்போதும் மோசமான இடங்கள். மணல் அல்லது பழைய மரத்தூள் படுக்கையைக் கொட்டச் சொல்லுங்கள். குதிரைக் கூட்டத்துக்குள் புல்லோடு போகாதீர்கள். பசித்த குதிரைகள் ஒன்றையொன்று விரட்டும்போது நடுவில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. உங்கள் குதிரையை வேறொருவர் வாசல்வரை கொண்டுவந்து தரட்டும்.

உடுப்பை மெல்லியதாகப் பல அடுக்குகளாக அணியுங்கள். குளிர்தானே என்று தடித்த ஜாக்கெட்டுக்குள் வேர்த்துக் கொதிப்பது கர்ப்பத்தில் நல்லதல்ல. வேலை செய்துகொண்டே சாதாரணமாகப் பேச முடிய வேண்டும். பேச மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். தண்ணீரும் குடியுங்கள், குளிரில் தாகம் தெரியாது.

டிசம்பர் கடைசியில் டொரொண்டோப் பக்கம் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். முடிந்தவரை பகலில் போங்கள். தனியாகப் போகாதீர்கள். கைபேசியை உள்பையில் வையுங்கள். வெளிப்பையில் இருந்தால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அரங்கின் ஓரத்தில் வைத்திருந்தால் விழுந்து கிடக்கும்போது கைக்கு எட்டாது.

தரைப் பயிற்சி: எதிலிருந்து தொடங்குவது

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இருபது முதல் முப்பது நிமிடம் போதும். குதிரைக்குக் குறுகிய பாடம்தான் மனதில் நிற்கும், உங்களுக்கும் களைப்பு வராது. கூடுமானவரை, பேடக்கில் சில மணி நேரம் உலவி வந்த பிறகு வேலைக்கு எடுங்கள். வெளியே விடவே முடியாத நாளென்றால், முதலில் உள்ளரங்கில் தனியாக அவிழ்த்துவிட்டுத் துள்ளித் தீர்க்கட்டும். நீங்கள் வேலிக்கு வெளியே நில்லுங்கள்.

தொடக்கம் நடத்திச் செல்வது. இதை ஒரு பாடமாகவே பலர் நினைப்பதில்லை. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளமுள்ள கயிறு வேண்டும். மிச்சத்தைக் கையில் சுற்றாமல் மடித்துப் பிடியுங்கள். சுற்றிய கயிறு இறுகினால் கை போய்விடும். குதிரையின் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில், ஒரு கை தூரம் விலகி நடங்கள். நீங்கள் நின்றால் அதுவும் நிற்க வேண்டும், கயிற்றை இழுக்காமலே. நிற்காவிட்டால் இரண்டு எட்டுப் பின்னால் நடத்துங்கள், மறுபடி தொடங்குங்கள். பிறகு உங்கள் நடையை மெதுவாக்கிப் பாருங்கள், வேகமாக்கிப் பாருங்கள். குதிரையும் கூடவே மாற வேண்டும். இந்த ஒன்றை மட்டும் இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தால், உங்கள் இடத்துக்குள் நுழையாத ஒரு குதிரை கிடைக்கும். வயிறு பெரிதாகும் மாதங்களில் உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது அந்தக் குணம்தான். இடப்பக்கம் மட்டும் நடத்திப் பழகியிருப்போம், வலப்பக்கமும் செய்யுங்கள்.

அடுத்தது அழுத்தத்துக்கு விலகுவது. விலாவில் ஒரு விரலால் தொட்டால் பின்பகுதி ஒரு எட்டு நகர வேண்டும். தோளில் தொட்டால் முன்பகுதி நகர வேண்டும். மார்பில் தொட்டால் பின்னால் போக வேண்டும். நகர்ந்த உடனே கையை எடுத்துவிடுங்கள். அழுத்தம் நின்ற கணம்தான் குதிரைக்குப் பாடம், தொட்டது பாடமல்ல. அது நன்றாக வந்த பிறகு சுவரோரமாக நடத்திக்கொண்டே தோளைச் சற்று உள்ளே கொண்டுவரும் ஷோல்டர்-இன் செய்யலாம். மேலே ஏறிச் செய்யும்போது நம் உட்காரும் கோளாறுகளால் குழம்பும் குதிரை, கீழிருந்து கேட்டால் பளிச்சென்று புரிந்துகொள்வதைப் பார்ப்பீர்கள்.

தரைக் கம்பங்கள் குளிர்காலத்துக்கு அருமையானவை. நான்கைந்து கம்பங்களை நடைக்கு 80 முதல் 90 செ.மீ. இடைவெளியில் போட்டு, குதிரையைக் கையில் பிடித்தபடி கடத்துங்கள். காலைத் தூக்கி முதுகை வளைத்து நடக்கும். உடம்பின் அடித்தசைகள் வேலை செய்யும். ட்ராட் என்ற சிற்றோட்டத்துக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் தேவை, ஆனால் குதிரையோடு நீங்கள் ஓட வேண்டிவரும், ஆகவே வேண்டாம். கம்பங்களை நீங்கள் தூக்காதீர்கள், வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள். நீங்கள் கம்பங்களுக்கு வெளியே நடங்கள், தாண்டி நடக்க வேண்டாம்.

இரண்டு நீண்ட கயிறுகளைக் கடிவாளத்தில் பூட்டிப் பின்னாலிருந்து ஓட்டும் லாங்-லைனிங், ஏறாமலே திருப்பங்களையும் நிறுத்தங்களையும் பழக்கச் சிறந்த வழி. ஆனால் குதிரைக்கு ஏற்கனவே அது பழகியிருந்தால்தான். கர்ப்பத்தில் இருந்துகொண்டு புதிதாகப் பழக்க வேண்டாம். பின்னங்காலில் கயிறு பட்டதும் உதைக்கும் கட்டத்தை ஒவ்வொரு புதுக் குதிரையும் கடந்துதான் வரும். பழகிய குதிரையென்றால் உதை எட்டாத தூரத்தில், நேர் பின்னால் அல்லாமல் சற்று ஒரு பக்கமாக நடங்கள். ஆழ்ந்த மணலில் இப்படி நடப்பது களைப்பான வேலை, ஆறாம் மாதத்தோடு கோச்சிடம் விட்டுவிடலாம்.

வட்டமாகச் சுற்றவிடும் லன்ஜிங்கைத்தான் எல்லோரும் முதலில் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. துள்ளும் குதிரை கயிற்றின் மறுமுனையில் இருந்தால் தோளும் இடுப்பும் இழுபடும். நடுவில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தால் தலைசுற்றும். சின்ன வட்டத்தில் திரும்பத் திரும்ப ஓடுவது குதிரையின் மூட்டுகளுக்கும் நல்லதல்ல. சாதுவான குதிரையை இருபது மீட்டர் வட்டத்தில் பத்து நிமிடம், நடையும் கொஞ்சம் ட்ராட்டும், அவ்வளவுதான். இழுத்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். மூடிய அரங்கில் அது எங்கே போய்விடப் போகிறது?

ஏழாம் மாதத்துக்குப் பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பழக்கும் வித்தைகளுக்கு மாறிவிடலாம். ஒரு குச்சியின் நுனியில் டென்னிஸ் பந்தை மாட்டி, லாயக் கதவுக்கு மேலாக நீட்டுங்கள். மூக்கால் தொட்டதும் ‘கிளிக்’ என்ற சத்தம் கொடுத்து ஒரு துண்டு காரட்டைத் தீவனப் பாத்திரத்தில் போடுங்கள். கையில் கொடுத்தால் கடித்துத் தேடும் பழக்கம் வரும். பந்தைத் தொடுவது பிடிபட்ட பிறகு, அதைக் கொண்டே தலையைத் தாழ்த்தவும், ஒரு எட்டுப் பின்னால் போகவும், கடிவாளக் கம்பிக்குத் தானாக வாய் திறக்கவும் பழக்கலாம். ஊசிக்குப் பயப்படும் குதிரைக்குக் கழுத்தில் மூடிய சிரிஞ்சால் தொட்டுத் தொட்டுப் பழக்கிவிடுங்கள், வசந்தத்தில் தடுப்பூசி போட வரும் வைத்தியர் உங்களை வாழ்த்துவார். இதற்கெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பாடம் நடத்தலாம்.

ஒரு பாடத்தை மட்டும் குளிர்காலம் முடிவதற்குள் கட்டாயம் முடித்துவிடுங்கள்: ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து அசையாமல் நிற்பது. படியை அரங்கின் நடுவில் வைத்து, குதிரை பக்கவாட்டாக ஒட்டி நின்றால் பரிசு. நீங்கள் ஏற வேண்டாம், கோச் ஏறி இறங்கட்டும். பிரசவத்துக்குப் பிறகு முதல்முறை ஏறும் நாளில், இடுப்பில் பலமில்லாத அந்த நேரத்தில், அசையும் குதிரை வேண்டவே வேண்டாம்.

காரட்டைக் காட்டிக் கழுத்தை வளைக்கவைக்கும் நீட்டல்களும் உண்டு. விலாப் பக்கமும் இடுப்புப் பக்கமும் திரும்ப வைத்துச் சில வினாடி நிறுத்தினால் முதுகெலும்பையொட்டிய தசைகள் வலுப்படும். முன்னங்கால்களுக்கு நடுவே தலையைத் தாழ்த்த வைப்பதற்கு நீங்களும் குனிய வேண்டும். அதை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

குதிரையின் குளிர்காலம்

வேலை குறைந்தால் தானியத் தீவனத்தையும் குறைக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பாதிக் குதிரைகள் ஜனவரியில் பட்டாசாகத் திரிகின்றன. உலர்புல்லைக் குறைக்காதீர்கள்: 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 10 கிலோ வரை புல் வேண்டும், அது செரிக்கும்போதுதான் உடம்பு சூடாகிறது. நல்ல குளிர்கால ரோமம் உள்ள ஆரோக்கியமான குதிரை, நனையாமல் காற்றுப் படாமல் இருந்தால், ஏறத்தாழ −10 முதல் −15 டிகிரி வரை தாங்கும். அதற்கும் கீழே போனால் புல்லைக் கூட்டச் சொல்லுங்கள்.

தண்ணீரைத் தினமும் கவனியுங்கள். ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டிய குதிரை, ஐஸ் போன்ற தண்ணீரைக் கண்டால் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். காய்ந்த புல்லும் குறைந்த தண்ணீரும் சேர்ந்தால் குடலில் அடைப்பு, கோலிக். சூடேற்றும் வாளி வைத்தால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும்.

வெப்பநிலை −20க்குக் கீழே போனால் மூச்சு வாங்கும் வேலை எதுவும் வேண்டாம். உலர்ந்த கடுங்குளிர்க் காற்று குதிரையின் நுரையீரலை உறுத்தும். அன்றைக்குக் கையில் பிடித்து நடத்துங்கள், இல்லாவிட்டால் தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். எந்த நாளிலும் கடிவாளக் கம்பியை மாட்டுவதற்கு முன் கையில் பிடித்துச் சூடாக்குங்கள். கோச் ஏறி வேர்க்க வைத்தால், ரோமம் காயும்வரை கம்பளிப் போர்வை போட்டு நடத்தச் சொல்லுங்கள். குளம்புக்குள் பனி உருண்டை கட்டிக்கொண்டால் குதிரை உயரக் குதிச்செருப்புப் போட்ட மாதிரி தள்ளாடும். லாடம் அடித்த குதிரைகளுக்கு இது அதிகம். லாடக்காரரிடம் பனித்தடுப்புப் பட்டை கேளுங்கள், அல்லது குளிர்காலத்துக்கு லாடத்தையே கழற்றிவிடலாமா என்று கேளுங்கள். குளம்பைக் குனிந்து சுத்தம் செய்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உங்கள் வேலையல்ல.

போர்வை மாற்றும்போது நிலைமின்சாரம் ‘சட்’டென்று அடிக்கும், குதிரை துள்ளும். வறண்ட நாளில் போர்வையைச் சர்ரென்று இழுக்காமல் மடித்து எடுங்கள். கழற்றும்போது கால்பட்டி, வயிற்றுப்பட்டி, கடைசியில் மார்புப்பட்டி. மாட்டும்போது இதற்குத் தலைகீழ். வயிற்றுப்பட்டிக்காக உட்கார்ந்து எழாதீர்கள், எட்டவில்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

எப்போது நிறுத்துவது

தலைசுற்றல், ரத்தக்கசிவு, நீர் வடிதல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் குதிரையை யாரிடமாவது கொடுத்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கீழே விழுந்தாலோ, வயிற்றில் குதிரை மோதினாலோ உதைத்தாலோ, வலியே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 23 வாரத்துக்கு மேல் என்றால் குழந்தையின் இதயத்துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரம் கண்காணிப்பார்கள். ஆர்ஹெச் நெகட்டிவ் ரத்தவகை என்றால் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்க, 72 மணி நேரத்துக்குள் ஆன்ட்டி-டி ஊசி தேவைப்படும். ‘சும்மா லேசாகத்தான் பட்டது’ என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

எட்டாம் மாதத்துக்குப் பிறகு குதிரையோடு ஒரே இடத்தில் நிற்பதையே குறைத்துக்கொள்ளுங்கள். பக்கமாகத் துள்ளி விலக உங்கள் உடம்பு ஒத்துழைக்காது. பண்ணைக்குப் போவதை விட வேண்டியதில்லை. கோச் ஓட்டும்போது ஓரத்தில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் குதிரையை வெளியிலிருந்து இவ்வளவு நேரம் பார்க்க இனி வாய்ப்பு வராது. எந்தப் பக்கம் வளைய மறுக்கிறது, எந்தக் கட்டளையில் காதைச் சாய்க்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பிறகு

பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து நடக்கும் பரிசோதனையில், குதிரை ஏறப் போவதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிசேரியன் என்றால் இன்னும் தாமதமாகும். சிறுநீர் கசிவு, அடிவயிறு இறங்குவது போன்ற உணர்வு இருந்தால், இடுப்புத் தளத்துக்கான பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பேறுகாலம் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா நாற்பது நாள் வாசல்படி தாண்ட விடமாட்டார். அவரோடு சண்டை போட வேண்டாம், குதிரைக்கும் அந்த நேரம் தேவை. அதற்குள் கோச் அதை நீண்ட நடையிலிருந்து ட்ராட்டுக்கும், பிறகு அதைவிட வேகமான கேன்டருக்கும் படிப்படியாகக் கொண்டுவந்துவிடலாம்.

நீங்கள் முதலில் ஏறும்போது கோச் கயிற்றைப் பிடித்திருக்கட்டும், நடை மட்டும், பத்து நிமிடம். சேணத்தின் வயிற்றுவாரையும் பொருத்தத்தையும் அதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு குளிர்காலத்தில் குதிரையின் முதுகும் மாறியிருக்கும், உங்கள் இடுப்பும் மாறியிருக்கும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் கொடுத்துவிட்டே ஏறுங்கள், நெஞ்சு கனத்துப்போய் ட்ராட் செய்வது நரகம். குழந்தை வண்டியைப் பண்ணைக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், முதலில் வெறும் வண்டியை வேலிக்கு அப்பால் உருட்டிக் காட்டுங்கள். குதிரை அதைப் பார்த்துவிட்டுப் புல் மேயத் திரும்பிய பிறகு, இன்னொரு நாள் குழந்தையோடு போகலாம்.